விக் வைத்த பிரபுக்கள் விக்கை மறைக்கவில்லை, தம்பி

கேள்வி: எனக்கு 30 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை. நாலைந்து வருஷமாக முன்பக்கம் முடி கொட்டிக் கொட்டி இப்போது உச்சியும் தெரிகிறது. தை மாதம் கல்யாணம். பெண் பார்க்கப் போனபோது முடி அடர்த்தியாகத் தெரிய ஒரு கறுப்புப் பொடி தூவிக்கொண்டு போனேன், அங்கே யாருக்கும் தெரியவில்லை. கல்யாணத்துக்கு விக் வைக்கலாம் என்று இருக்கிறேன். ஆபீஸ் நண்பரிடம் சொன்னேன், அவர் சிரிக்கிறார். “அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பிரபுக்கள் பால்வினை நோய் வந்து முடி கொட்டி, அதை மறைக்கத்தான் டோப்பா வைத்தார்கள்” என்கிறார். அது உண்மையா? இல்லை என்றால் எதற்காக வைத்தார்கள்? நான் வைப்பதில் தப்பு இருக்கிறதா? பெண்ணிடம் சொல்ல வேண்டுமா?

பதில்: தம்பி, உங்கள் நண்பர் சொன்னதில் கால்வாசி உண்மை. அந்தக் கால்வாசியை வைத்துக்கொண்டு மீதியையும் கட்டிவிட்டார்கள், அது இணையத்தில் ரொம்ப நாளாகச் சுற்றுகிறது, என்னிடம் தலை அளவு கொடுக்க வருகிறவர்களே கேட்டிருக்கிறார்கள். நான் நாடகத்துக்கும் சினிமாவுக்கும் விக் கட்டிக் கொடுத்துத் தொழிலுக்கு வந்தவன். இப்போது பெரும்பாலும் புற்றுநோய் சிகிச்சையில் முடி இழந்தவர்களுக்கும் உங்களைப் போன்றவர்களுக்கும்தான் செய்கிறேன். ராஜா வேஷத்துக்கு விக் கேட்பவர்களுக்குச் சரியாகச் செய்துகொடுக்க வேண்டுமே என்று பழைய விக்குகளைப் பற்றித் தேடித் தேடிப் படித்தவன். அதனால் முதலில் அந்தக் கதையைச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். உங்களுடைய மற்றக் கேள்விகளுக்கும் அதிலேயே பாதி பதில் இருக்கிறது.

உங்கள் நண்பர் சொல்லும் பால்வினை நோய் சிபிலிஸ். அது ஐரோப்பாவில் பெரிதாகப் பரவியது 1490-களில். அந்த நோயின் இரண்டாம் கட்டத்தில் சிலருக்குத் தலைமுடி, பூச்சி அரித்த கம்பளி போல, திட்டுத் திட்டாகக் கொட்டும். அதற்கு வைத்தியம் என்று பாதரசத்தைப் பூசினார்கள், அது நோயாளியை இன்னும் கெடுத்தது. முடி போன சிலர் விக் வைத்திருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வருஷங்களைக் கொஞ்சம் கவனியுங்கள். நோய் வந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் ஆண்கள் நடுவே விக் ஒரு வழக்கமாக வரவில்லை. 16ஆம் நூற்றாண்டு ஓவியங்களில் பிரபுக்கள் எப்படி இருக்கிறார்கள்? ஒட்ட வெட்டிய தலை, தாடி, மேலே ஒரு தொப்பி, அவ்வளவுதான். நோய்தான் காரணம் என்றால் அப்போதே எல்லார் தலையிலும் விக் ஏறியிருக்க வேண்டாமா? அது வந்தது 1620-களில், ஊரெல்லாம் பரவியது 1660-களில். நடுவில் மாறியது நோய் இல்லை, ஆண்களுக்கு எது அழகு என்ற எண்ணம்.

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் ஆண்கள் தோள் வரை முடி வளர்ப்பது கௌரவம் ஆகிவிட்டது. அந்த நேரம் பார்த்து அரசர் 13ஆம் லூயிக்கு இருபது வயதுகளிலேயே முடி கொட்ட ஆரம்பித்தது. 1624 வாக்கில் விக் வைக்கத் தொடங்கினார், அப்போது அவருக்கு உங்களைவிடச் சின்ன வயது. அரசர் வைத்தால் அரண்மனை வைக்கும், அரண்மனை வைத்தால் ஊர் வைக்கும். அவர் மகன் 14ஆம் லூயிக்கு இளமையில் நல்ல அடர்த்தியான முடி, அதனால் அவர் உடனே விக் பக்கம் போகவில்லை. முடி குறையக் குறைய முதலில் சொந்த முடியோடு சேர்த்து வைத்தார், 1670-களில் முழு விக்குக்கு வந்துவிட்டார். வெர்சாய் அரண்மனையில் அவருடைய விக்குகளுக்கு என்றே ஒரு தனி அறை இருந்தது. காலையில் ஒன்று, வேட்டைக்கு ஒன்று, சபைக்கு ஒன்று என்று மாற்றிக்கொள்வார்.

இங்கிலாந்துக் கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் அங்கே ஒரு சாதாரண உத்தியோகஸ்தர் எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். சாமுவேல் பீப்ஸ் என்பவர், கடற்படை அலுவலகத்தில் வேலை பார்த்தவர், தினமும் நாட்குறிப்பு எழுதியவர். 1663 மே மாதமே விக் வைத்துப் பார்க்கிறார், மனசு ஒப்பவில்லை. ஆனால் சொந்த முடியைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் பாடு பெரிய பாடாக இருக்கிறதே என்று எழுதுகிறார். தினம் தலைக்குக் குளிக்கும் ஊர் இல்லை அது. சீப்பால் வாருவதும் பேன் எடுப்பதும்தான் பராமரிப்பு. தலையை ஒட்ட வெட்டிவிட்டால் பேனுக்கு இடமில்லை, விக் அழுக்கானால் கடைக்காரரிடம் கொடுத்துச் சுத்தம் செய்து வாங்கிக்கொள்ளலாம்.

நவம்பரில் அரசர் இரண்டாம் சார்லசும் அவர் தம்பியும் விக் வைக்கப் போகிறார்கள் என்று பீப்ஸ் கேள்விப்படுகிறார், அன்றுதான் அரசருக்கு எவ்வளவு நரைத்திருக்கிறது என்பதையே கவனிக்கிறார். அடுத்த நாள், 1663 நவம்பர் 3, விக் செய்பவரை வீட்டுக்கு வரவழைத்து முடியை வெட்டிக்கொள்கிறார். அப்போது அவருக்கும் உங்கள் வயதுதான், 30. வழுக்கையும் இல்லை, நல்ல முடி. எவ்வளவு நல்ல முடி என்றால், வெட்டிய முடியை விக்காரர் இன்னொரு விக் செய்வதற்கு எடுத்துக்கொண்டு போனார்! வெட்டும்போது மனசு கொஞ்சம் வலித்தது என்று எழுதுகிறார். வீட்டு வேலைக்காரப் பெண்களைக் கூப்பிட்டுக் காட்டுகிறார். நன்றாக இருக்கிறது என்கிறார்கள், ஆனால் அவர் சொந்த முடி போனதில் அவர்களில் இருவருக்கு வருத்தம். அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போக அவருக்கு ஒரே பயம், எல்லோரும் என்னையே திரும்பிப் பார்க்கப் போகிறார்கள் என்று. போனார். ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. அந்த நாலு வரியை, முதல் முறை விக் வைத்துக்கொண்டு என் கடை வாசலில் இறங்கத் தயங்கி நிற்பவர்களுக்கு நான் சொல்லாமல் அனுப்புவதில்லை.

விக் வைத்தால் பேன் தொல்லை அடியோடு போய்விட்டதா என்றால் அதுவும் இல்லை. அடுத்த வருஷமே, புதிதாகச் செய்துகொடுத்த விக்கில் ஈறு இருந்தது என்று பீப்ஸ் கோபப்படுகிறார். 1665-இல் லண்டனில் கொள்ளைநோய். அப்போது அவர் புதிதாக வாங்கிய ஒரு விக்கைத் தலையில் வைக்கவே ரொம்ப நாள் பயந்தார், அது வாங்கிய இடத்தில் நோய் இருந்தது. செத்தவர்கள் தலையிலிருந்து வெட்டிய முடியாக இருந்தால் என்ன செய்வது, இனிமேல் யார் முடி வாங்குவார்கள் என்று எழுதினார். ஆனாலும் கொள்ளைநோய் போனது, விக் போகவில்லை. அவ்வளவு ஆழமாக அது ஊன்றிவிட்டது.

ஊன்றியதற்குப் பெரிய காரணம் காசு. பீப்ஸ் அந்த முதல் விக்குக்குக் கொடுத்தது 3 பவுண்டு. அதே 1663-இல் அவர் வீட்டுக்கு வந்த சமையல்காரிக்கு ஒரு வருஷச் சம்பளம் 4 பவுண்டு, இதற்கு முன் இவ்வளவு கொடுத்ததே இல்லை என்று அதையும் எழுதியிருக்கிறார். ஒரு மனுஷி வருஷம் முழுக்க அடுப்படியில் வெந்து சம்பாதிப்பதில் முக்கால் பங்கு, அவர் எஜமானர் தலையில். இதைத் தெரிந்துகொண்டால் அந்த ஓவியங்களைப் பார்க்கும் விதமே மாறிவிடும். தோளுக்குக் கீழே சுருள் சுருளாக இறங்கும் அந்தப் பெரிய விக், இவரால் இவ்வளவு செலவு செய்ய முடியும், இதைப் பராமரிக்க ஆள் வைத்துக்கொள்ள முடியும் என்று ஊருக்குச் சொல்லும் அடையாளம்.

அந்த விலை ஏன் என்பது விக் கட்டுகிறவனுக்குத்தான் நன்றாகப் புரியும். 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு விக்காரர்கள் செய்த விதம் இது. கிராமத்துப் பெண்களிடம் முடி வாங்கி வருவார்கள். நீளவாரியாகப் பிரித்து, இரும்பு முள் பதித்த பலகையில் இழுத்துச் சிக்கெடுத்து, சின்னச் சின்னக் கற்றையாகக் களிமண் குச்சியிலோ மரக் குச்சியிலோ இறுக்கிச் சுற்றிக் கட்டி, சுமார் மூன்று மணி நேரம் கொதிக்க வைப்பார்கள். அப்புறம் உலர்த்தி, தாளில் பொதிந்து, அதன்மேல் ரை என்ற தானிய மாவைப் பிசைந்து மூடி, ரொட்டி சுடுகிறவரிடம் அனுப்பி அடுப்பில் வைத்து எடுப்பார்கள். அப்போதுதான் சுருள் நிலைக்கும், மழையில் நனைந்தாலும் சீக்கிரம் பிரியாது. பிறகு சட்டத்தில் இழுத்துக் கட்டிய பட்டு நூல்களில் சில முடிகளாக எடுத்து ஊடும் பாவுமாக நெய்து, அந்த நீளப் பட்டையை மரத்தலையில் மாட்டிய வலைத்தொப்பியில் வரிசை வரிசையாகத் தைப்பார்கள். இன்று நாங்கள் சின்னக் கொக்கி ஊசியால் ஒவ்வொரு முடியாக வலையில் முடிச்சுப் போடுகிறோம், அதனால் மண்டைத் தோலிலிருந்தே முளைத்தது போலத் தெரிகிறது. அவர்களுக்கு அது தேவைப்படவில்லை. காசு இல்லாதவர்களுக்குக் குதிரை முடி, ஆட்டு முடி விக்குகளும் இருந்தன. நம் பக்கத்துத் தொடர்பு இன்றைய வியாபாரத்தில்தான், திருமலையிலும் பழனியிலும் காணிக்கையாக இறக்கும் முடி ஏலம் போய், உலகம் முழுக்க விக்காகிறது.

18ஆம் நூற்றாண்டில் இன்னொன்று சேர்ந்தது, வெள்ளைப் பொடி. மாவுச்சத்தை நைசாக அரைத்து, ஆரஞ்சுப் பூ, லாவெண்டர் என்று வாசனை சேர்த்து விக்கின்மேல் ஊதுவார்கள். முகத்தில் படாமல் இருக்கக் கூம்பு மாதிரி ஒன்றைப் பிடித்துக்கொள்வார்கள், சட்டை கெடாமல் இருக்க ஒரு துணியைப் போர்த்திக்கொள்வார்கள். இருபது வயதுப் பையனும் அறுபது வயதுப் பெரியவரும் ஒரே வெள்ளைத் தலையோடு ஒரே விருந்தில் உட்கார்ந்திருப்பார்கள். எல்லோருமே விக் வைத்தார்கள் என்றும் நினைக்காதீர்கள், அமெரிக்காவின் ஜார்ஜ் வாஷிங்டன் தலையில் இருப்பது அவர் சொந்த முடி, பொடி மட்டும் போட்டிருக்கிறார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இருபது வயதுப் பையன் தலையில் தோள் வரை வெள்ளைச் சுருள் தொங்கினால், அது அவன் முடி என்று யாராவது நம்புவார்களா? நம்ப வேண்டும் என்று அவனும் எதிர்பார்க்கவில்லை. 14ஆம் லூயி தன் வழுக்கையை யார் கண்ணிலும் காட்டவில்லை என்பார்கள், இருக்கலாம். ஆனால் வைத்திருப்பது விக் என்பதை அவர் மறைக்கவே இல்லை. அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம்தான் உங்கள் நண்பர் கதையில் இல்லை. வழுக்கை இருந்தவரும் வைத்தார், நரைத்தவரும் வைத்தார், நல்ல முடியை வெட்டிப் போட்டுவிட்டும் வைத்தார். “கண்டுபிடித்துவிடுவார்களோ” என்ற பயம் அவர்களில் யாருக்கும் இல்லை. அந்தப் பயம் நம் காலத்து ஆண்களுக்கு வந்தது. என் கடைக்கு வருகிறவர்களை இத்தனை காலமாகப் பார்த்துச் சொல்கிறேன், முடி போன வேதனையைவிட மறைக்கிற வேதனைதான் அவர்களை அதிகம் வாட்டுகிறது. காற்று அடித்தால் பயம், பைக்கில் ஹெல்மெட் கழற்றினால் பயம், பக்கத்தில் யாராவது தலையைத் தொட்டால் பயம்.

விக் எப்படிப் போனது என்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1760-களில் இளைஞர்கள் சொந்த முடியை வளர்க்க ஆரம்பித்தார்கள். 1765 பிப்ரவரியில் லண்டன் விக்காரர்கள் பிழைப்பு போகிறது என்று அரசர் மூன்றாம் ஜார்ஜிடம் மனு கொடுக்க ஊர்வலமாகப் போனார்கள். அவர்களிலேயே பலர் விக் இல்லாமல் சொந்த முடியோடு வந்ததைப் பார்த்துக் கூட்டம் கடுப்பாகி, பிடித்து வைத்து அவர்கள் முடியை வெட்டிவிட்டது. நம் தொழில்காரர்கள் என்பதால் அதைப் படிக்கும்போது எனக்கு வருத்தமாகவே இருந்தது. 1789-இல் பிரெஞ்சுப் புரட்சி வந்ததும் பிரபு வேஷமே ஆபத்தானது. 1795-இல் இங்கிலாந்தில் பொடி போடுகிறவர் வருஷத்துக்கு ஒரு கினி, அதாவது ஒரு பவுண்டுக்குக் கொஞ்சம் மேல், வரி கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது, கோதுமைத் தட்டுப்பாட்டுக் காலம் வேறு. சாப்பிட மாவு இல்லாதபோது தலையில் மாவு எதற்கு என்று நிறையப் பேர் விட்டுவிட்டார்கள். மிச்சம் நின்றது நீதிமன்றம். இங்கிலாந்து நீதிபதிகள் 1680-களில் ஊரோடு சேர்ந்து வைத்தது, ஊர் விட்ட பிறகும் உடுப்பாக நின்றுவிட்டது. 1822-இல் ஹம்ஃப்ரி ரேவன்ஸ்கிராஃப்ட் என்பவர் பொடியே தேவைப்படாத வெள்ளைக் குதிரைமுடி விக்குக்குக் காப்புரிமை வாங்கினார், இன்றும் வக்கீல்கள் வைப்பது அந்த வகைதான். 2008 முதல் அங்கே சிவில், குடும்ப வழக்குகளில் நீதிபதிகள் விக் வைப்பதில்லை, குற்ற வழக்குகளில் உண்டு.

சரி, உங்கள் விஷயம். விக் வைப்பதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் முதலில் ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள். உங்கள் வயதில் முன்பக்கமும் உச்சியும் கொட்டுவது பெரும்பாலும் பரம்பரை வழுக்கைதான், ஆனாலும் தைராய்டு, இரும்புச்சத்துக் குறைவு, திட்டுத் திட்டாகக் கொட்டும் வேறு வகை என்று காரணங்கள் உண்டு. அதைத் தலையைப் பார்த்து நான் சொல்லக் கூடாது, சொல்கிற விக் கடைக்காரரை நம்பவும் கூடாது. மருந்தில் நிற்கிற முடி என்றால் மருந்தில் நிற்கட்டும்.

பெண்ணிடம் சொல்ல வேண்டுமா என்று கேட்டீர்கள். சொல்ல வேண்டும், விக் வாங்குவதற்கு முன்பே. நீங்கள் பொடி தூவிக்கொண்டு போய் நின்றது எனக்குப் புரிகிறது, பதற்றத்தில் செய்தது. ஆனால் ஒரு வீட்டில் ஒரே தலையணையில் தூங்கப் போகிறவரிடம் இதை எத்தனை நாள் மறைப்பீர்கள்? கல்யாணத்துக்கு அப்புறம் தெரிந்தால் அவருக்கு வலிப்பது வழுக்கை அல்ல. போன் பண்ணி, “எனக்கு முடி கொட்டுது, அன்னைக்குப் பொடி போட்டிருந்தேன், கல்யாணத்துக்கு விக் வைக்கலாம்னு இருக்கேன், நீங்க என்ன நினைக்கிறீங்க” என்று நேராகக் கேளுங்கள். பொடி இல்லாமல் எடுத்த ஒரு போட்டோவும் அனுப்புங்கள். ‘விக்கே வேண்டாம், ஒட்ட வெட்டிக்கங்க’ என்று அவர் சொன்னாலும் சொல்லலாம், அப்படிச் சொன்ன மணப்பெண்களை எனக்குத் தெரியும். வேண்டாம் என்று விலகினால், அது தையில் தெரிவதைவிட இப்போது தெரிவது இரண்டு குடும்பத்துக்கும் நல்லது.

வைப்பது என்று முடிவானால் மனித முடியிலேயே வாங்குங்கள். அடிப்பாகம் காற்றுப் போகும் வலையாக இருக்கட்டும், நம் ஊர் வெயிலுக்குத் தோல் மாதிரி மூடிய அடிப்பாகம் வேர்த்து அரிக்கும். கடையில் உட்கார்ந்ததும் பதினெட்டு வயதில் இருந்த அடர்த்தியைக் கேட்கத் தோன்றும், கேட்காதீர்கள். விக்கைக் காட்டிக்கொடுப்பது விலை குறைவு அல்ல, நெற்றியில் ரொம்பக் கீழே இறங்கிய நேர்கோடும் அளவுக்கு மிஞ்சிய அடர்த்தியும்தான். முன்வரிசையில் முடிச்சுகள் குறைவாக, கொஞ்சம் ஒழுங்கில்லாமல், இரண்டு பக்கமும் லேசாக ஏறியிருக்கும்படி கட்டச் சொல்லுங்கள். டேப்போ பசையோ எதுவானாலும் முன்கையின் உள்பக்கம் கொஞ்சம் ஒட்டி இரண்டு நாள் பாருங்கள், தடித்தாலோ அரித்தாலோ அந்த வகை வேண்டாம். ராத்திரி கழற்றி வைக்கக்கூடிய வகையே முதல் முறைக்கு நல்லது, மண்டைத் தோலும் காற்று வாங்கும்.

முகூர்த்தத்தன்று முதல் முறையாக வைத்துக்கொண்டு போகாதீர்கள். ஒரு மாதம் முன்பே வைத்துக்கொண்டு ஆபீஸ், கடைத்தெரு, அந்த நண்பர் எதிரில் என்று எல்லா இடத்துக்கும் போய்ப் பழகுங்கள். வியர்வையில் எங்கே நெகிழ்கிறது என்று அப்போதுதான் தெரியும். உங்கள் பக்கம் உருமால் கட்டும் சீர் இருந்தால், அவிழ்க்கும்போது பின்னாலிருந்து முன்னால் இழுக்க வேண்டாம் என்று கட்டுகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முக்கியமாக நலங்கு. தலையில் எண்ணெய் வைத்தால் டேப் விட்டுவிடும், அதனால் அந்தச் சடங்குக்கு விக் இல்லாமலே உட்காருங்கள், இல்லையென்றால் எண்ணெயை நெற்றியோரமாகத் தொட்டு வைத்தால் போதும் என்று அத்தையிடமோ அக்காவிடமோ சொல்லி வையுங்கள்.